பந்தல் யாருக்கு? - ஒரு தொழில்நுட்ப முதலாளியின் சாவும் நமது துக்கங்களும்

1

2011ஆம் ஆண்டு அக்டோபர் 5 ஆயுத பூஜை. மறுநாள் காலை, கடலூர் முதுநகரில் எங்கள் தெரு முனையிலிருந்த செல்போன் பழுதுபார்க்கும் கடைக்குப் போனேன். சால்டரிங் அயர்னுக்கும் ஸ்க்ரூ டிரைவர்களுக்கும் முதல் நாள் வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. தட்டில் பொரியும் கடலையும். சாமி படங்களுக்குக் கீழே புதிதாக ஒரு படம். வட்டக் கண்ணாடி, கறுப்புச் சட்டை, தாடையில் விரல். எங்கோ கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து ஒட்டி, ஒரு முழம் சாமந்தி சாத்தியிருந்தார் கடைக்காரர்.

“ஆயுதம் செஞ்சவரு சார். ஆயுத பூஜை அன்னிக்கே போயிட்டாரு பாருங்க” என்றார்.

கணக்கு சரிதான். ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ், அமெரிக்கத் தேதிப்படி அக்டோபர் 5 அன்று தமது 56ஆம் வயதில் இறந்தார். நமக்குச் செய்தி வந்தபோது விஜயதசமி விடிந்திருந்தது.

“ஐபோன் ரிப்பேருக்கு வருமா உங்க கடைக்கு?”

“இதுவரைக்கும் கையில தொட்டதில்ல சார்.”

அவர் கடைக்கு வந்தவையெல்லாம் நோக்கியா செட்டுகள், பெயர் தெரியாத சைனா செட்டுகள். தொட்டே பார்க்காத ஒரு பொருளின் பெயரால் ஒருவர் துக்கம் காக்கிறார். இதை எப்படிப் புரிந்துகொள்வது? ‘நுகர்வுக் கலாச்சாரத்தின் தாக்கம்’ என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடலாம். அன்று நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த ஒரு வரி ஏன் போதாது என்று எனக்கு நானே விளங்கவைத்துக்கொள்ளும் முயற்சிதான் இந்தக் கட்டுரை.

2

அடுத்த வாரம் ஒரு வேலையாகச் சிதம்பரம் போயிருந்தேன். அண்ணாமலை நகரில் பொறியியல் மாணவர்கள் சிலர் மாலையில் கூடி அஞ்சலி செலுத்தினார்கள். பதினைந்து இருபது பேர் இருக்கும். மெழுகுவர்த்தி காற்றில் அணைந்துபோனவர்கள் செல்போன் திரையை உயர்த்திப் பிடித்தார்கள். இந்தித் திணிப்பு எதிர்ப்புப் போராட்டத்தில், 1965 ஜனவரி 27 அன்று, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்ட மாணவர் ராசேந்திரனின் சிலை இருக்கிற இடம் அண்ணாமலை நகர். அங்கே, ஓர் அமெரிக்க முதலாளிக்கு அஞ்சலி. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

டீக்கடையில் ஒரு மாணவரைச் சீண்டினேன். “நீங்க படிக்கிற ‘சி’ மொழியை உருவாக்கினவரு டென்னிஸ் ரிட்சி. யூனிக்ஸ உருவாக்கினவங்கள்லயும் ஒருத்தர். ஆப்பிள் கம்ப்யூட்டர் ஓடுறதே யூனிக்ஸ் வழி வந்த அமைப்புலதான். எழுபது வயசு. 12ஆம் தேதி வீட்டுல செத்துக் கிடந்திருக்காரு. அவருக்கு ஏன் மெழுகுவர்த்தி ஏத்தல?”

“அவரு கதை எங்களுக்குத் தெரியாதே சார்” என்றார் அவர். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தானாகவே சொன்னார். விருத்தாசலம் பக்கத்துக் கிராமம் ஒன்றின் சேரியிலிருந்து படிக்க வந்தவர்.

“எங்க தாத்தா ஊர்ல எந்தச் சாவுன்னாலும் பறையடிக்கப் போவாரு. வெளியூருக்குச் சேதி சொல்லவும் அவருதான். எங்க அப்பா காலத்துல அதை நிறுத்தினாங்க. அதுக்கு ஒரு சண்டை. தாத்தா செத்தப்ப பொதுத்தெரு வழியாத் தூக்கிட்டுப் போவ விடல. வாய்க்கால்ல எறங்கித்தான் தூக்கிட்டுப் போனோம். எங்க ஊர்ல யார் செத்தா யார் அழணும், யார் அடிக்கணும், எந்த வழியாப் போவணும், எல்லாத்துக்கும் கணக்கு இருக்கு சார். இந்தாளு சாவுக்கு வந்து நின்னேன். நீ யாருன்னு யாரும் என்னைக் கேக்கல.”

என்னிடம் பதில் இல்லை. பறையடிக்க மறுத்த அந்தப் போராட்டங்களைப் பற்றித் தொண்ணூறுகளில் கட்டுரை எழுதியவர்கள்தான் நாம். அந்த மறுப்புக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் எந்தச் சாவில் போய் நிற்பார்கள் என்று நாம் யோசித்திருந்தோமா?

சாவு என்பது வெறும் உயிரியல் நிகழ்வல்ல. அது உறவுகளை அறிவிக்கும் சமூகப் பிரதி. யார் தோள் கொடுக்கிறார், யார் தெருவோடு நிற்கிறார் என்பதில் ஊரின் அதிகாரப் படிநிலை முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது. பங்காளி, சம்பந்தி, குடிமகன், வெட்டியான் என ஒவ்வொருவருக்கும் இடம் உண்டு. அந்த இடத்தை விட்டு நகரத்தான் முடியாது. பங்காளி இல்லாத, ஊர் இல்லாத ஒரு சாவு இந்தப் படிநிலைக்கு வெளியே ஓர் இடத்தைத் திறந்துவிட்டது. அந்த மாணவர் உள்ளே வந்தது அந்த வழியாகத்தான். இதை ஏமாற்று என்று மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் உள்ளே வந்தபின் அவருக்குக் கிடைப்பது என்ன என்று கேட்டாக வேண்டும்.

3

முதலில் பெயர்.

ரொலாண்ட் பார்த் 1967இல் ஆசிரியனின் மரணத்தை அறிவித்தார். 1969இல் ஃபூக்கோ, ஆசிரியன் என்பது ஆள் அல்ல, ஒரு செயற்பாடு என்று விளக்கினார். சிதறிக் கிடக்கும் பல பிரதிகளை ஒரு பெயரின் கீழ்க் கூட்டி, அவற்றுக்கு ஓர் ஒருமையையும் ஓர் உடைமையாளரையும் ஏற்படுத்தித் தருவது அந்தப் பெயர் செய்யும் வேலை. தமிழ்ச் சிற்றேடுகளில் இதைப் பற்றி எவ்வளவு சண்டை போட்டிருப்போம். இலக்கியத்தில் ஆசிரியனை நாம் சாகடித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், சரக்குகளின் உலகத்தில் அவன் பிறந்துகொண்டிருந்ததைக் கவனிக்கத் தவறினோம்.

ஒரு ஐபோனைப் பிரதியாக வாசித்துப் பாருங்கள். இணையமும் ஜிபிஎஸ்ஸும் அமெரிக்க அரசின் ராணுவச் செலவில், அதாவது பொதுப் பணத்தில், வளர்ந்தவை. பேட்டரிக்கு வேண்டிய கோபால்ட்டின் பெரும்பங்கு காங்கோவின் சுரங்கங்களிலிருந்து வருகிறது. பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான பொறியாளர்கள் வடிவமைக்கிறார்கள். சீனாவிலும், இப்போது தமிழ்நாட்டிலும், பெண்களின் விரல்கள் அதைப் பூட்டுகின்றன. இத்தனை கைகளின் எழுத்துக்குக் கீழே ஒரே ஒரு கையொப்பம். மார்க்ஸ் பேசிய பண்ட வழிபாட்டில், மனிதர்களுக்கிடையிலான உறவு பொருள்களுக்கிடையிலான உறவாகத் தோற்றம் கொள்கிறது. இங்கே இன்னொரு படியும் இருக்கிறது. அந்தப் பொருளுக்குத் திரும்பவும் ஒரு மனித முகம் பொருத்தப்படுகிறது, உழைத்த கைகளின் முகம் மட்டும் அதில் இல்லை.

அந்த முகம் சாகும்போது இந்த வேலை முற்றுப்பெறுகிறது. நியூயார்க்கிலும் பெய்ஜிங்கிலும் ஆப்பிள் கடைகளின் கண்ணாடிச் சுவர் முன்னால் பூக்களும், கடித்த ஆப்பிள்களும், ஒட்டுச் சீட்டுகளும் குவிந்தன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தமக்கு இரங்கல் எழுதியதாக நிறுவனம் அறிவித்தது. கடையே சமாதியாயிற்று. தயாரிப்பின் கடைசிக் கட்டம் விற்பனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை, இரங்கல்தான் கடைசிக் கட்டம்.

எதிர்த்தவர்களும் இதிலிருந்து தப்பவில்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் ரிச்சர்ட் ஸ்டால்மன், அவர் இறந்ததில் தமக்கு மகிழ்ச்சியில்லை, ஆனால் அவர் இனி இல்லை என்பதில் மகிழ்ச்சி என்ற பொருளில் எழுதினார். கணினியைப் பயனருக்கு அழகான சிறையாக்கியவர் என்பது குற்றச்சாட்டு. விமர்சனம் நியாயமானது, நான் அதோடு உடன்படுகிறேன். ஆனால் கவனியுங்கள், சிறையைக் கட்டியவரும் ஒரே ஆள்தான் என்கிறது அது. போற்றலும் தூற்றலும் ஒரே பெயரைச் சுற்றித்தான் வருகின்றன.

4

அடுத்தது கதை.

கடைக்காரர் தொட்டது பொருளை அல்ல, கதையை. மணமாகாத பெற்றோருக்குப் பிறந்து, தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளை. பெற்ற தந்தை சிரியாவிலிருந்து வந்தவர். வளர்த்தவர்கள் சாதாரணக் குடும்பம். கல்லூரியைப் பாதியில் விட்டவர். 1985இல், தாம் தொடங்கிய நிறுவனத்தை விட்டே வெளியேற நேர்ந்து, 1997இல் திரும்பி வந்து அதைத் தூக்கி நிறுத்தியவர். 2005இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இவற்றை அவரே மூன்று கதைகளாகச் சொன்னார். மூன்றாவது, சாவைப் பற்றியது. தம் இரங்கல் உரையை ஆறு வருடம் முன்னதாகத் தாமே எழுதி வைத்துவிட்டுப் போனது போலத்தான்.

நம் ஊர் ஒப்பாரியைக் கேட்டிருப்பீர்கள். சாவு வீட்டுக்கு வந்த பெண்கள் கட்டிப்பிடித்து அழும்போது, ஒவ்வொருத்தியும் கிடத்தியிருக்கிற ஆளுக்காக மட்டும் அழுவதில்லை. தான் பறிகொடுத்த மகனுக்காக, தன்னை விட்டுப்போன அம்மாவுக்காக அழுகிறாள். பிறத்தியார் சாவு, நம் சாவுகளுக்கு அழ ஒரு சந்தர்ப்பம். அரியர் வைத்திருக்கும் மாணவரும், பத்தாவது ஃபெயிலாகி சால்டரிங் அயர்னைக் கையிலெடுத்த கடைக்காரரும், இந்தக் கதையில் தங்களுக்காகவே அழுதார்கள். குலம் கோத்திரம் கேட்க முடியாத ஒருவர் உலகத்தையே மாற்றினார் என்பதில், சாதியால் ஒதுக்கப்பட்டவருக்கு என்ன ஆறுதல் இருக்கிறது என்பதை, சாதியின் நிழலில் சௌகரியமாக இருப்பவர்கள் எள்ளுவது அறமல்ல.

ஆனால் அந்தக் கதை ஒரு நிபந்தனையோடு வருகிறது. ‘நீயும் ஆகலாம், தனியாக.’ அதில் சங்கம் இல்லை, தெரு இல்லை, கூட வந்தவர்கள் இல்லை. வென்றால் உன் திறமை. தோற்றால் உன் குறை. சாதி கேட்காத இடம் என்று அது காட்டிய பள்ளத்தாக்கிலும் சாதி காத்திருந்தது. சிஸ்கோ நிறுவனத்தில் தலித் பொறியாளர் ஒருவர் சாதிப் பாகுபாட்டுக்கு ஆளானதாக 2020இல் கலிஃபோர்னியா மாநில அரசுத் துறையே வழக்குத் தொடுத்தது. ஆப்பிள் நிறுவனமும் பின்னர்த் தன் ஊழியர் நடத்தை விதிகளில், தடைசெய்யப்பட்ட பாகுபாடுகளின் வரிசையில் சாதியைச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த மாணவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. இந்தச் செய்திகளைப் படித்தபோதெல்லாம் அவர் நினைவுதான் வந்தது.

5

மூன்றாவது, ஜோதி.

சிதம்பரத்தில் நின்றுகொண்டு இதை யோசிக்கிறவர்களுக்கு நந்தன் நினைவுக்கு வராமல் போகமாட்டார். சேக்கிழார் சொல்லும் நந்தன், கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்தவர். இசை உள்ளே, இசைக்கருவிக்குத் தோல் கொடுத்தவர் வெளியே. கடைசியில் தீயில் இறங்கி, உருமாறி, உள்ளே போய் மறைந்துவிடுகிறார். உடல் இல்லை. ஆகவே பிணம் இல்லை, பாடை இல்லை, ஒப்பாரியும் இல்லை. உழைப்பாளியின் உடலை ஒளியாக்கிவிட்டால் கேள்வி கேட்க எதுவும் மிஞ்சுவதில்லை.

ஜாப்ஸின் இறுதிச் சடங்கு வெளியாருக்கு மூடப்பட்டது. கல்லறையில் பெயர்ப் பலகை கிடையாது. மக்கள் முன்னால் இருந்ததெல்லாம் ஒளிரும் திரை மட்டும். அந்தத் திரையில் எரியும் மெழுகுவர்த்திப் படத்தைக் காட்டி அஞ்சலி செலுத்தினார்கள். இது நந்தன் கதையின் தலைகீழ் வடிவம். நந்தன் கதையில் கருவிக்கு உழைத்தவரே ஒளியாகிறார். இங்கே கருவியின் உடைமையாளர் ஒளியாகிறார், உழைத்தவர்கள் அந்த வெளிச்சத்தின் கூச்சத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்கள்.

2010இல் சீனாவின் ஷென்சென் நகரத்து ஃபாக்ஸ்கான் ஆலை வளாகங்களில், இளம் தொழிலாளர்கள் பத்துக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டு இறந்தார்கள். கட்டடங்களைச் சுற்றி வலை கட்டினார்கள். அந்த ஆண்டு ஜூனில் இது பற்றிக் கேட்டபோது, அது கொடுமைக்கூடம் அல்ல, அங்கே உணவகமும் திரையரங்கும் நீச்சல் குளமும் இருக்கின்றன என்கிற விதமாகவே ஜாப்ஸ் பதில் சொன்னார்.

அவ்வளவு தூரம் போகவேண்டாம். 2010 அக்டோபர் 31 அன்று, ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் ஓர் இளம் பெண் தொழிலாளி இயந்திரத்தில் சிக்கி இறந்தார். எங்கள் தெருக் கடைக்காரர் தினமும் திறந்து மூடியது நோக்கியா செட்டுகளைத்தான். தான் தொடாத பொருளின் முதலாளிக்குப் பூச் சாத்திய அவருக்கு, தான் தினமும் தொட்ட பொருளைச் செய்த ஊரில், செய்த கைகளில் ஒன்று ஒரு வருடம் முன்னால் செத்துப்போனது தெரியாது. நான் சொன்னபோது, “எங்க சார் போட்டான் இதை?” என்று கேட்டார். எனக்கே அது ஒரு சின்னச் செய்தியாகத்தான் கண்ணில் பட்டிருந்தது.

எந்த உயிர் துக்கத்துக்குரியது, எது அல்ல என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கும் சட்டகங்கள் இருக்கின்றன என்பார் ஜூடித் பட்லர். போர்களை முன்வைத்து அவர் சொன்னது, சால்டரிங் மேசைக்கும் பொருந்துகிறது.

6

அந்தப் படம் 2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே புயலில் போனது. கடையின் தகரமும்தான். கடைக்காரர் திரும்பத் தகரம் போட்டார், படம் ஒட்டவில்லை. கடலூரையும் புதுச்சேரியையும் புரட்டிப்போட்ட அந்தப் புயலுக்குப் பிறகு மின்சாரம் இல்லாத நாட்களில், ஜெனரேட்டர் வைத்து ஊர் செல்போன்களுக்கெல்லாம் சார்ஜ் போட்டுக் கொடுத்தார்.

அவருடைய அக்கா மகள் புவனகிரிப் பக்கத்து ஊர். டிப்ளமோ முடித்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஓர் ஆலைக்கு வேலைக்குப் போனாள். 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டதாகச் செய்தி பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். யாரும் இறக்கவில்லை, அது வதந்தி என்றது அரசு. கூடப் படுத்திருந்தவள் உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று தெரிந்துகொள்வதற்கே சாலையை மறிக்க வேண்டியிருந்தது என்பதுதான் இதில் நாம் வாசிக்க வேண்டிய செய்தி.

கடைக்காரரின் அக்கா மகள் வேலை பார்த்தது அந்த ஆலையில் அல்ல. ஆனால் ஊரில் இருப்பவர்களுக்கு எல்லாமே ‘செல்போன் கம்பெனி’தான். அன்று அவள் இரவு ஷிப்ட். போன் லாக்கரில். விடிகிறவரை அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். “ராத்திரி பூரா எங்க அக்கா அழுவுறதா வேணாமான்னு தெரியாம உக்காந்திருந்துச்சு சார்” என்றார் கடைக்காரர்.

துக்கம் மறுக்கப்படுவதற்கு முந்தைய நிலை இது. துக்கப்படலாமா என்பதே தெரியாத நிலை.

2024 அக்டோபர் 9 இரவு மும்பையில் ரத்தன் டாடா தமது 86ஆம் வயதில் இறந்தார். மகாராஷ்டிர அரசு துக்க நாள் அறிவித்தது, அரசு மரியாதை கொடுத்தது. கடலூரில் ஆட்டோ ஓட்டுபவர் முதல் பேராசிரியர் வரை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அவர் முகம். ‘நல்ல முதலாளி’ என்ற பெருங்கதையாடலின் நாள் அது. அவருடைய கொடைகளை, எளிமையை, நாய்களிடம் காட்டிய பரிவை நான் மறுக்கவில்லை. மக்கள் அதைப் பாராட்டியதில் ஒரு மறைமுகக் குற்றச்சாட்டுகூட இருந்தது: மற்ற முதலாளிகள் இப்படி இல்லையே என்று.

ஆனால் அதே அக்டோபர் 9 அன்று சுங்குவார்சத்திரத்தில் என்ன நடந்தது? சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்தை அங்கீகரிக்கக் கேட்டுச் செப்டம்பர் 9 முதல் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். சரியாக ஒரு மாதம். அன்று அவர்களில் பலரைக் கைது செய்து, உட்கார்ந்திருந்த பந்தலைப் போலீஸ் பிரித்துப்போட்டது. தமிழில் சாவு வீட்டுக்குப் போடுவதும் பந்தல், போராட்டத்துக்குப் போடுவதும் பந்தல். இரண்டுமே வெயிலுக்கு மட்டுமல்ல. ‘இங்கே ஒன்று நடந்திருக்கிறது, வந்து உட்காருங்கள்’ என்று ஊருக்குச் சொல்வதற்கு. ஒரே நாளில் ஒரு பந்தல் பிரிக்கப்பட்டது, நாடு முழுக்க இன்னொன்று போடப்பட்டது. முதலாவதைப் பற்றி அந்த ஸ்டேட்டஸ்களில் ஒரு வரி இல்லை.

7

இதற்கு ஊடகத்தை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. நம் வீட்டையும் கொஞ்சம் பார்ப்போம். நம் இரங்கல் கூட்டங்கள் எப்படி இருக்கின்றன? மேடையில் தலைவர் படம். வரிசையாக உரைகள். இயக்கத்தை ஒருவரே உருவாக்கினார் என்ற அதே சொல்லாடல். சுவரொட்டி ஒட்டியவர், தண்டோரா போட்டவர், தலைமறைவுத் தோழருக்குச் சோறாக்கிப் போட்ட பெண் எல்லோரும் அந்த ஒளியில் கரைந்துபோகிறார்கள். ஜாப்ஸுக்கு ஏற்றிய மெழுகுவர்த்தியைக் கிண்டல் செய்த நாம், நம் பெயர்களுக்கு ஏற்றியதும் அதே மெழுகுவர்த்தியைத்தான்.

ஆகவே ‘அவனுக்கு ஏன் அழுகிறாய்’ என்று மக்களைக் கேட்பதில் பயனில்லை. அழுபவரை அடக்குவது எப்போதும் அதிகாரத்தின் வேலை. வேறொரு பந்தலைப் போடுவதுதான் நம் வேலை: நீ யார் என்று கேட்காத, ஆனால் ‘தனியாக வா’ என்றும் சொல்லாத ஒரு பந்தல். டீக்கடையில் அந்த மாணவர் என்னிடம் கேட்டது அதைத்தான் என்று இப்போது படுகிறது. ஆயுத பூஜையில் கருவிக்குப் பொட்டு வைக்கிறோம். அதைச் செய்த கைக்கு ஒரு பெயர் உண்டா என்று கேட்பதிலிருந்து தொடங்கலாம்.

டாடா இறந்த மறுநாள், கடைக்காரரும் அவர் படத்தை ஸ்டேட்டஸ் வைத்திருந்தார். ஆயுத பூஜைக்காகக் கடையை ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தார். சுங்குவார்சத்திரத்துப் பந்தலைப் பிரித்த விஷயத்தைச் சொன்னேன். கையை நிறுத்திவிட்டுக் கேட்டார். அக்கா மகள் வேலை பார்க்கிற பக்கம்தானே என்றார்.

“அதையும் வெச்சிருப்பேன் சார். போட்டோ யாரும் அனுப்பலையே.”

உண்மைதான். அனுப்பியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன்.